பெயர் தாங்கிய கேடயங்கள்

கேடயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்து நம் வீட்டுப் பிள்ளைகளின் மனத்தில் எழுவது பரிசுக் கேடயமே. பேச்சுப் போட்டியிலோ கோலப் போட்டியிலோ வென்றவர்க்கு அளிக்கப்பெற்று, பின்னர் கண்ணாடி அலமாரியில் தூசு படிந்து நிற்கும் அப்பலகையின் முன்னோர், எதிரி எய்த அம்பை மார்புக்கு முன்னே தடுத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. நம் மொழியிலும் அப்படைக்கலத்துக்குப் பெயர் பலவுண்டு. தோலாற் செய்ததைத் தோல் என்றே வழங்கினர், பரிசை என்றனர், கிடுகு என்றனர். கிடுகு என்பது பின்னிய தென்னங்கீற்றையும் குறிக்கும் சொல்லாகும். இதனை நேயர்கள் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னர்ப் பயன்படும்.

இங்கே நாம் சொல்லப் புகுவது மெலனீசிய மக்களின் போர்க் கேடயங்களைப் பற்றியாகும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கிலும் வடகிழக்கிலும், நியூகினித் தீவு தொடங்கி சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, பிஜி என்று கடலில் சிதறிக் கிடக்கும் நிலப்பகுதியே மெலனீசியா. கருந்தீவுகள் என்று பொருள்படும் இப்பெயரை 1832-ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் தூமோன் துர்வீல் என்னும் பிரெஞ்சுக் கடலோடி. அங்குள்ள மக்கள் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று அது. இவற்றுள் பிஜி நமக்கு முற்றிலும் அயலான இடமும் அன்று. 1903 முதல் 1916 வரை தென்னாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் உழன்றதும், அவர்கள் துயரைப் பாரதியார் நெஞ்சுருகிப் பாடியதும் நாமறிந்தவை. ஆயினும் கேடயக் கலையின் உச்சத்தைக் காண வேண்டுமாயின் நாம் செல்ல வேண்டிய இடம் நியூகினி.

நியூகினித் தீவின் மேற்குப் பாதி இன்று இந்தோனேசியாவைச் சேர்ந்தது. அதன் தென்மேற்குக் கரையில், அரபுராக் கடலை ஒட்டி, அஸ்மத் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் நாட்டை நாடு என்பதைவிடச் சேறு என்பது பொருந்தும். கடலின் ஏற்றவற்றம் ஆறுகளின் வழியே உள்நாட்டுக்குள் வெகுதூரம் ஏறி இறங்கும். எங்கும் சதுப்பு, எங்கும் அலையாத்திக் காடு, போக்குவரவுக்கு ஓடமே கதி. அவர்களது முதன்மை உணவு சாகோ என்னும் பனையினத்து மரத்தின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. நம் பாயசத்தில் இடும் ஜவ்வரிசிக்கு மூலம் இம்மரந்தான். இன்று சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவதால் அவ்வுறவு நமக்கு மறந்துபோயிற்று.

வியப்பு யாதெனில், அந்நாட்டில் கல்லே கிடையாது. அம்மியும் குழவியும் ஆட்டுக்கல்லும் இல்லாத வீட்டை நம் பாட்டிமார் கற்பனை செய்ய மாட்டார்கள். அஸ்மத் நிலத்திலோ ஒரு கூழாங்கல்லும் அரிது. இரும்பு வருவதற்கு முன்னர் அவர்கள் கையாண்ட கற்கோடரிகள் எல்லாம் மலைநாட்டாரிடமிருந்து கைமாறிக் கைமாறிப் பண்டமாற்றாக வந்தவை. கல்லற்ற நாட்டில் மக்கள் எண்ணம் முழுவதும் மரத்தின்மேற் சென்றதில் வியப்பில்லை. மரமே மனிதன் என்பது அவர்கள் கொள்கை. மரத்தின் வேர் மனிதனின் பாதம், அடிமரம் உடல், கிளைகள் கைகள், உச்சியிற் பழுத்துத் தொங்கும் கனியே தலை.

அவர்களது ஆதிகதையும் இதனையே சொல்கிறது. பூமெரிபிட்ஸ் என்னும் முதல்வன் தனியனாய் வாழ்ந்தான். ஆடவர் கூடும் பெருமன்றம் ஒன்றைக் கட்டினான். அது வெறிச்சோடிக் கிடந்தது. தனிமை பொறாதவனாய் மரங்களை வெட்டி ஆணும் பெண்ணுமாகப் பாவைகள் செதுக்கி மன்றத்தில் நிரப்பினான். அவை அசையாமல் நின்றன. பின்னர் ஒரு முரசு செய்து கொட்டினான். முரசொலி கேட்கக் கேட்க அப்பாவைகளின் மூட்டுகள் நெகிழ்ந்தன, கால்கள் பெயர்ந்தன, அவை ஆடத் தொடங்கின. அஸ்மத் மக்கள் தோன்றியது அவ்வாறே என்பர். ஆகவே மரஞ்செதுக்குவோன் அவர்களிடையே வெறுங் கைத்தொழிலாளி ஆகான். முதல்வனின் தொழிலைச் செய்பவன் அவன்.

மரத்தை மனிதனாகக் கண்ட அதே கண்தான் தலைவேட்டை என்னும் கொடிய வழக்கத்தையும் கண்டது. முதியோரும் கைக்குழந்தைகளும் நீங்கலாக, எவருடைய சாவும் இயல்பாக வந்ததன்று என்பது அவர்கள் பழைய நம்பிக்கை. ஒருவன் மாண்டால் அவனைப் பகைவரின் ஆயுதமோ சூனியமோ கொன்றிருக்க வேண்டும். அதற்கு ஈடு செய்யும் வரையில் மாண்டவனின் ஆவி ஊரைவிட்டுப் போகாது. உற்றாருக்கு உறக்கமும் இராது. ஈடாவது பகையூரான் ஒருவனின் தலை. இவ்வாறு ஒரு தலைக்கு இன்னொரு தலை, அதற்கு மற்றொன்று என்று கணக்குத் தீராமலே நடந்தது. இவ்வழக்கத்தை நாம் எவ்வகையிலும் போற்ற முற்படவில்லை. இதனை விட்டுவிட்டுக் கேடயத்தைப் புரிந்துகொள்ள வழியில்லாமையால் சொல்ல நேர்ந்தது.

கேடயம் பிறப்பது இவ்விடத்தில்தான். மாண்டவர்களை நினைத்து, பழிவாங்கும் படையெடுப்புக்கு முன்னர், ஊரில் கேடய விழா எடுப்பர். செதுக்குவதில் கைதேர்ந்தவனை மாண்டவனின் உறவினன் அழைத்து வேலையை ஒப்படைப்பான். வேலை முடியும் வரையில் செதுக்குவோனுக்குச் சாகோ மாவும் பிற உணவும் தருவது அழைத்தவன் கடமை. கேடயத்துக்கு வேண்டிய பலகையை அடிமரத்திலிருந்து எடுப்பதில்லை. அலையாத்திக் காட்டுப் பெருமரங்களின் அடியில், சுவர்போல் அகன்று தட்டையாக எழும் பலகை வேர்கள் உண்டு. முதிர்ந்த இலவ மரத்தின் அடிப்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவ்வேரை வெட்டியெடுத்தால் இயற்கையிலேயே பலகை அமைந்துவிடுகிறது. அதன் பின்புறத்தில் கைப்பிடியை ஒட்டாமல், ஆணியறையாமல், அதே மரத்திலேயே குடைந்து எடுப்பர். ஆள் உயரமும் அதற்கு மேலும் உள்ள கேடயங்கள் உண்டு. முன்புறத்தில் உருக்களைப் புடைப்பாக நிறுத்திச் சுற்றுமுற்றும் மரத்தைச் செதுக்கிக் களைவர். பிறகு வண்ணம் மூன்றே: சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பின் வெள்ளை, செம்மண்ணின் சிவப்பு, கரியின் கறுப்பு. சுண்ணாம்பும் செம்மண்ணும் நம் கோவில் மதிலிலும் இருப்பவையே; பட்டை பட்டையாய் அவற்றைக் கண்டு பழகிய கண்ணுக்கு அஸ்மத் கேடயத்தின் வண்ணம் அந்நியமாகத் தோன்றாது.

கேடயம் முடிந்ததும் அதற்குப் பெயரிடுவர். எந்த மாண்டவனை நினைத்துச் செய்தனரோ அவன் பெயரே கேடயத்தின் பெயர். பல கேடயங்களின் உச்சியில் அவனது உருவமும் சிறிதாக அமர்ந்திருக்கும். அதன்பின் அப்பலகை ஒரு பொருளாக மதிக்கப்படுவதில்லை. அண்ணனோ தகப்பனோ தன்னுடன் வருகிறான் என்ற உறுதியோடு வீரன் களம் புகுவான். எதிரியும் அதே நம்பிக்கை உடையவனே. தான் காண்பது மரமா, மாண்டவனா என்ற திகிலில் அவன் ஆயுதத்தை நழுவவிட்டு ஓடிவிடுவான் என்பது கேடயத்தின் பெருமையாகப் பேசப்பட்டது. அம்பைத் தடுப்பது கேடயத்தின் பாதி வேலை. அம்பு எய்யும் கையை நடுங்கச் செய்வது மறுபாதி. போரில்லாத நாட்களிலும் அதற்கு ஓய்வில்லை. வீட்டு வாயிலருகே நிறுத்தி வைப்பர். தீய ஆவிகள் உள்ளே நுழையாமல் அது காவல் நிற்கும்.

இனி அதன்மேல் உள்ள உருக்களைப் பார்ப்போம். முதற் பார்வைக்கு வளைவுகளும் கொக்கிகளுமாகவே தெரியும். அஸ்மத் மக்கள் கண்ணுக்கு அவை பேசும். அடிக்கடி வருவது பழந்தின்னி வௌவால். அது மரத்தில் தொங்கிக் கனியைத் தின்பது; கனியோ மரத்தின் தலை. ஆகவே வௌவால் தலைவேட்டைக்காரனின் குறி. கரிய பெருங்கிளியும் இருவாசிப் பறவையும் கனியுண்ணிகளாதலின் அதே பொருளில் வருகின்றன. மற்றொன்று, நம் ஊர்ப் பிள்ளைகள் தோட்டத்தில் பிடித்து விளையாடும் கும்பிடுபூச்சி. பெண் கும்பிடுபூச்சி ஆண்பூச்சியின் தலையைக் கடித்துத் தின்னும் இயல்புடையது. கைகூப்பி நிற்பதாக நாம் எண்ணிக் கும்பிடுபூச்சி என்று பெயரிட்டோம். அவர்களோ அதனிடம் தலைகொய்யும் வீரனைக் கண்டார்கள். ஒரே பூச்சியை இரு மக்கள் பார்த்த வகை இது! இவையன்றி, வீரர்கள் மூக்கில் அணியும் சங்குச் சுருளணியின் வடிவமும் கேடயத்தில் வரும். அணியைக் கண்டால் அணிபவனை நினைப்பது இயல்பன்றோ?

ஆனால் உருக்களுக்குப் பொருள் சொல்லும் முயற்சியில் எச்சரிக்கையும் வேண்டும். நியூகினிக்குக் கிழக்கே திரோபிரியண்டுத் தீவுகளில் முட்டை வடிவக் கேடயங்கள் வழங்கின. அங்கே 1915 முதல் 1918 வரையுள்ள காலத்தில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, 1920-இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி சொல்கிறார். வண்ணந்தீட்டிய கேடயத்தை ஏந்துவது எல்லாராலும் ஆகாது. அது எதிரிகளை அறைகூவி அழைப்பது போலாகையால் ஈட்டிகள் எல்லாம் அதனை நோக்கியே பாயும். பெருவீரர் சிலரே அதற்குத் துணிவர். அவ்வோவியத்தின் பொருள் யாது என்பதில்தான் சிக்கல். 1954-இல் எட்மண்ட் லீச் என்னும் அறிஞர் அது இரவில் பறந்து கொல்லும் சூனியக்காரியின் உருவம் என்றார். 1958-இல் ரொனால்டு பெர்ண்ட் அதனை மறுத்து, ஆணும் பெண்ணும் கூடும் உருவமாகக் கொள்ள இடமுண்டு என்று எழுதினார். படித்த இருவர் ஒரே கேடயத்தைப் பார்த்து, ஒருவர் சாவையும் மற்றவர் பிறப்பையும் கண்டனர். வரைந்தவனை நேரிற் கேட்கும் வாய்ப்பு அதற்குள் கடந்துவிட்டது.

முன்னர்க் கிடுகு என்னும் சொல்லை நினைவில் வைக்கச் சொன்னோம். சாலமன் தீவுகளுள் குவாடல்கனாலில் கேடயத்தை மரத்தாற் செய்யாமல் பிரம்பு போன்ற நார்களாற் பின்னுவர். கூடை பின்னுவது போல நெருக்கிப் பின்னிய அக்கேடயம் எடையில் இலேசு, ஈட்டிக்கோ உறுதியானது. கிடுகு என்ற நம் சொல்லின் இரு பொருளும் ஒரே பொருளில் கூடி நிற்பதை அங்கே காணலாம். அவற்றுட் சிலவற்றின்மேல் மரவிதைப் பசையைப் பூசி, நாட்டிலஸ் என்னும் கடற்சங்கின் ஒளிரும் சில்லுகளை நூற்றுக்கணக்கில் பதித்து, நடுவே நெடிய மனித உருவம் அமைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அவ்வகைக் கேடயங்கள் உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஓரடி பட்டாலும் பதித்தவை உதிர்ந்துவிடுமாதலால் அவை போருக்கன்றிச் சிறப்பு நாட்களுக்கே உரியவை என்பர்.

இனிக் கேடயங்களுக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வேண்டும். அஸ்மத் நாட்டில் டச்சுக்காரரின் ஆட்சி 1950-களில் வேரூன்றியது. கிறிஸ்தவப் பாதிரிமார்களும் வந்தனர். தலைவேட்டை படிப்படியாக ஒடுங்கிற்று; அது ஒடுங்கியது நன்றே. 1963-இல் அந்நிலம் இந்தோனேசியர் ஆட்சிக்கு மாறியது. புதிய அதிகாரிகள் பழைய விழாக்கள் இருக்கும் வரையில் பழைய பகையும் இருக்கும் என்று கருதி, விழாக்களையும் செதுக்கு வேலையையும் தடுத்தனர். ஆடவர் மன்றங்கள் தீக்கிரையாயின. நோயைத் தீர்க்க வந்தவர் நோயாளியின் நாவையும் அறுத்தாற்போல் இருந்தது இது. 1960-களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவித் திட்டம் ஒன்று வந்த பின்னரே உளிகள் மீண்டும் அச்சமின்றி ஒலித்தன.

அதற்குள் பல கேடயங்கள் கடல் கடந்துவிட்டன. நியூயார்க் மாநில ஆளுநரின் மகனான மைக்கேல் ராக்பெல்லர் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர் 1961-இல் அஸ்மத் நாட்டில் ஊர் ஊராகச் சென்று கேடயங்களும் பிஸ் எனப்படும் நெடுங்கம்பங்களும் சேகரித்தார். அவ்வாண்டு நவம்பரில் அவருடைய ஓடம் கவிழ்ந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. அவர் திரட்டியவை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 1982-இல் திறக்கப்பட்ட தனிப்பகுதியில் வைக்கப்பட்டன. புதுப்பிக்கப்பட்ட அப்பகுதி 2025-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பிஸ் கம்பங்களும் மாண்டவர் பெயரால் நிறுத்தப்படுபவையே. விழா முடிந்ததும் அவற்றைச் சாகோத் தோப்பிற் கொண்டுபோய் மக்கவிடுவர். அவற்றின் வலிமை மரங்களுக்குச் சென்று உணவாகித் திரும்பும் என்பது எண்ணம். மக்க வேண்டிய மரம் இன்று ஈரமும் பூச்சியும் அணுகாத கூடத்தில் நிற்கிறது.

நம் தொழில் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுவது. பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம் என்று நாளெல்லாம் எழுதும் கைக்கு, அருங்காட்சியகச் சீட்டு புதிதாகத் தோன்றாது. கேடயம், மரமும் வண்ணமும், அஸ்மத் மக்கள், உயரம் இத்தனை என்றிருக்கும். நம் வழிச்சீட்டில் அனுப்புநர் பெயராவது இருக்கும். பல கேடயங்களின் சீட்டில் செய்தவன் பெயரும் இராது, எவன் பெயரைக் கேடயம் தாங்கியதோ அவன் பெயரும் இராது. வாங்கிச் சென்றவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. வெளியூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டன் பெயரை இடுவதில் நாம் காட்டும் பிடிவாதத்தை எண்ணினால், அக்குறை எவ்வளவு பெரிதென்று விளங்கும்.

எல்லாரும் அவ்வாறு இருந்தாரில்லை. அட்ரியான் கெர்பிராண்ட்ஸ் என்ற டச்சு அறிஞர் 1960-61-இல் அமானம்காய் என்னும் அஸ்மத் ஊரில் தங்கி, அங்குள்ள செதுக்குவோர் எண்மரை அவரவர் பெயராலேயே அறிந்து, ஒவ்வொருவர் கைத்திறனும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்தார். 1967-இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே செதுக்குவோன் என்று பொருள்படும் அஸ்மத் சொல்தான்.

தீவின் கிழக்குப் பாதியில், 1975-இல் விடுதலை பெற்ற பாப்புவா நியூகினியின் மலைநாட்டில், கதை வேறு விதமாகத் திரும்பியது. அங்கே வாகிப் பள்ளத்தாக்கு மக்களை வெளியுலகத்தார் கண்டதே 1933-இல்தான். ஆஸ்திரேலிய ஆட்சி ஊர்ச் சண்டைகளை அடக்கியது, கேடயங்கள் மறைந்தன. 1980-களில் சண்டை மீண்டும் மூண்டபோது கேடயங்களும் மீண்டன. ஆனால் அவற்றின் முகம் மாறிவிட்டது. பழைய மோட்டார் வண்டிகளின் இரும்புத் தகட்டிலும் கேடயம் செய்தனர். கடையில் விற்கும் வண்ணத்தைப் பூசினர். அந்நாட்டுப் பீர் வகையான சௌத் பசிபிக்கின் விளம்பரம் ஒருவன் கேடயத்தில் இருக்கும். மற்றொருவன் கேடயத்தில் ‘சிக்ஸ் டு சிக்ஸ்’ என்று எழுதியிருக்கும். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை குடித்துக் களிப்பதைக் குறித்த அத்தொடரை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை போரிடுவோம் என்ற சூளுரையாக மாற்றிக்கொண்டனர்.

எல்லாவற்றிலும் நம்மைக் கவர்ந்தது வேறொரு கேடயம். அதில் இருப்பவன் முகமூடியணிந்த பாண்டம்! 1936-இல் அமெரிக்காவில் பிறந்த சித்திரக்கதை வீரன். நம் நாட்டிலும் 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் முதல் நாயகன் அவனே. வடநாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்தியில் அவனை வேதாள் என்று அறிந்திருப்பர். தந்தை மாண்டால் மகன் அதே முகமூடியை அணிந்து நிற்பான். ஊரார் அவனைச் சாவில்லாதவன் என்றெண்ணி அஞ்சுவர் என்பது கதை. பாப்புவா நியூகினியில் அக்கதை அவர்கள் பொதுமொழியிலேயே செய்தித்தாளில் வெளிவந்தது. மாண்ட முன்னோன் கேடயத்தோடு களத்துக்கு வருகிறான் என்று நம்பிய தீவில், சாவில்லாதவனைக் கேடயத்தில் வரைந்ததை நகைப்புக்குரிய நாகரிகக் கலப்பென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. இவற்றை நேரிற் கண்டு ஆராய்ந்த மைக்கேல் ஓஹான்லன், 1993-இல் இலண்டனில் வாகி மக்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றை அமைத்துக் காட்டினார்.

ஆயினும் இக்கேடயங்களின் இரண்டாம் வாழ்வு நீடிக்கவில்லை. மலைநாட்டுச் சண்டைக்குள் துப்பாக்கி புகுந்தது. முதலில் உள்ளூரிற் செய்த நாட்டுத் துப்பாக்கி, பின்னர்த் தொழிற்சாலைத் துப்பாக்கி. மோட்டார்த் தகடும் அதற்கு முன் நில்லாது. துப்பாக்கிக்காரனுக்கு எதிரேயுள்ள கேடயத்தில் இருப்பது யார் என்று பார்க்க வேண்டிய தேவையுமில்லை.

அஸ்மத் நாட்டில் இன்றும் கேடயம் செதுக்குகின்றனர், விழாவுக்கும் விற்பனைக்கும். அகாட்ஸ் என்னும் அவர்களது தலைநகரில் 1973-இல் அவர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1981 முதல் அவ்வூரில் செதுக்குவோர்க்கான போட்டி விழாவும் நடத்தப்பட்டு வந்துள்ளது. சேற்றுக்கு மேலே கால்நாட்டிப் பலகை பரப்பியதே அவ்வூர்த் தெரு. தங்கள் முன்னோர் செய்தவற்றைப் பார்க்க விரும்பும் ஊரார் ஓடத்தைக் கரையிற் கட்டிவிட்டு அப்பலகைகளின்மேல் நடந்து செல்கின்றனர்.